நிதி விண்ணப்பத்தில் ஒரு வெளியாள்

மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுக்கிறவர் என்பதால் அவருக்கு மீட்டர் என்றே பெயர். எந்த வீட்டுக்குப் போனாலும் எண்ணைக் குறிப்பதற்கு முன் மீட்டர் பெட்டியின் சீலைப் பார்ப்பார். சீல் சரியாக இருந்தால் அதைக் கட்டியிருக்கும் கம்பியைப் பார்ப்பார். கம்பியும் சரியாக இருந்தால் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பார். "கல்யாணப் பத்திரிகையில அச்சுப்பிழை இருக்கான்னு மூணு தடவை பார்த்தாரு. பொண்ணை ஒரு தடவைகூட சரியாப் பார்க்கல" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

இப்படிப்பட்டவர் பத்தொன்பது வருடமாக ஒரு நாடகக் குழுவில் இருந்தார். நடிகராக அல்ல. இடதுபுறத் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில், பேனா அளவு டார்ச்சும் நாடகப் பிரதியுமாக உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. மேடையில் ஒருவர் பேச்சை நிறுத்தினால் அது நடிப்பா மறதியா என்று ஒரு மூச்சுக்குள் முடிவு செய்ய வேண்டும். நடிப்பென்று விட்டுவிட்டால் மறந்தவர் தவிப்பார். மறதியென்று சொல் கொடுத்தால் நடித்தவரின் மௌனம் செத்துப்போகும். ஒருமுறை குழுவின் முக்கிய நடிகையான டைப்பிஸ்ட் அக்கா கண்ணில் நீரை நிறுத்திக்கொண்டு நின்ற இடத்தில் இவர் அவசரப்பட்டு வசனத்தைக் கொடுத்துவிட்டார். அக்கா ஒரு மாதம் இவரோடு பேசவில்லை. சந்தேகத்தை மனக்கோளாறு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு மௌனத்தையும் ஐயப்படத் தெரிந்த ஒருவர் இல்லாமல் அந்தக் குழு ஒரு நாடகத்தைக்கூட ஒழுங்காக முடித்திருக்காது.

குழுவை நடத்தியவர் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் மருத்துவமனை மாடியில் ஒத்திகை நடக்கும். அங்கே பழுதாகிப்போன பல் வைத்திய நாற்காலி ஒன்று கிடந்தது. அரசனுக்குச் சிம்மாசனமும் கைதிக்குக் கூண்டும் அதுதான். அந்த வருடம் டாக்டரின் மகன் படிப்பு முடித்து வந்து, மாடியில் எக்ஸ்ரே கருவி வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டான். இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும். வேறு இடத்துக்கு வாடகை கொடுக்கக் குழுவிடம் வழியில்லை. அந்த நேரத்தில்தான் டாக்டர் ஓர் அறிவிப்போடு வந்தார். சிறிய கலை அமைப்புகளை வலுப்படுத்த ஓர் அறக்கட்டளை மூன்று வருடத்துக்கு நிதி கொடுக்கிறதாம்.

"நாடகம் போடறதுக்கா?" என்றார் மீட்டர்.

"இல்ல. இடம், அலுவலகம், பதிவேடு, பயிற்சி இதுக்கெல்லாம். அமைப்பை வலுப்படுத்தறதுக்கு."

"வலுப்படுத்த நாம என்ன பாலமா? விரிசல் எதுவும் விட்டிருக்கோமா?"

டைப்பிஸ்ட் அக்கா சிரித்தார். "விட்டிருக்கோம் அண்ணே. போன நாடகத்துல ரெண்டாவது காட்சியைப் பார்த்தீங்கல்ல?"

"யாரோ முகம் தெரியாதவங்க நமக்கு எதுக்குக் குடுக்கணும்? அதைச் சொல்லுங்க முதல்ல."

"மீட்டர், பல்லு வலிக்குதுன்னு வர்றவன்கிட்ட ஏன் வலிக்குதுன்னு நான் கேட்கலாம். மருந்து குடுக்கறவன்கிட்ட நோயாளி ஏன் குடுக்கறன்னு கேட்டா எப்படி?"

"நான் கேட்பேன்" என்றார் மீட்டர்.

கேட்டார் என்பதற்காகவோ என்னவோ, விண்ணப்ப வேலையில் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. டாக்டர் சொல்லச் சொல்ல அக்கா தட்டச்சு செய்தார். இரண்டு ஞாயிறுகள் மீட்டர் மாடியேறியபோது அவர்கள் பேச்சு பாதியில் நின்றது. எது நடிப்பு எது மறதி என்று அறிந்தவருக்கு, இது இரண்டும் இல்லை என்று தெரிந்தது. மூன்றாவது ஞாயிறு, வீங்கிய கன்னத்தோடு யாரோ வந்து டாக்டர் கீழே இறங்கியபோது, மேசைமேல் கோப்பு திறந்து கிடந்தது. உறுப்பினர் பட்டியலில் எட்டுப் பெயர்கள். ஒப்பனைக்கு எப்போதாவது வருகிற டாக்டரின் மனைவிகூட அதில் இருந்தார். மீட்டர் இல்லை.

அவர் யாரிடமும் கேட்கவில்லை.

"நேராக் கேட்டுட வேண்டியதுதானே?" என்றார் மனைவி.

"கேட்டா ஏதாவது பதில் சொல்லுவாங்க. அப்புறம் அந்தப் பதிலை நம்பணுமே."

"பத்தொன்பது வருஷமா அவங்களுக்கு வார்த்தை எடுத்துக் குடுத்தீங்க. உங்களுக்கு ஒரு வார்த்தை வரமாட்டேங்குதே!"

அவர் பழைய நாட்களைக் கிளறத் தொடங்கினார். சந்தேகத்துக்கு ஒரு வினோதமான ஆற்றல் உண்டு. அது நடந்துமுடிந்தவற்றையும் மாற்றி எழுதிவிடும். குழுப் படம் எடுத்தபோது டாக்டர் அவரை ஓரத்தில் நிற்கச் சொன்னது அன்று இடமில்லாததால் என்று இருந்தது. இப்போது அது திட்டமாகிவிட்டது. நிதி வந்ததும் நல்ல கருவிகள் வாங்கி, பயிற்சி எடுத்து, வசனம் எடுத்துக் கொடுக்க ஆள் தேவைப்படாத பெரிய குழுவாகிவிடப் பார்க்கிறார்கள் என்று ஒரு வாரத்தில் அவர் முழுக் கதையும் கட்டிவிட்டார். கதை ஓட்டையில்லாமல் இருந்தது. அதுவே சந்தேகத்துக்குரிய விஷயம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் அறக்கட்டளையிலிருந்து ஆய்வாளர் அம்மா ஒருவர் தொலைபேசியில் பேசினார். அந்தக் குழுவைப் பற்றி விசாரிக்க, சனிக்கிழமை காலை வீட்டுக்கு வரலாமா என்று கேட்டார்.

வந்தவரின் அடையாள அட்டையை வாங்கி மீட்டர் முன்னும் பின்னும் பார்த்தார். அவர் திருப்பித் தரும்வரை அந்த அம்மா காத்திருந்தார். பிறகு, வாசலைப் பார்க்கிற மாதிரியான நாற்காலியாகத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தார். மீட்டருக்கு அது பிடித்திருந்தது.

"குழுவைச் சேராத, ஆனா குழுவை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும்னு விண்ணப்பத்துல கேட்டிருந்தோம். உங்க பேரைக் குடுத்திருக்காங்க. பத்தொன்பது வருஷமா எல்லா நாடகத்தையும் பார்த்தவர், ஒளிச்சு மறைச்சுப் பேசமாட்டார்னு எழுதியிருக்காங்க."

ஆக, பெயர் பட்டியலிலிருந்து விழவில்லை. வேறு இடத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. அவர் கட்டிய கதையில் இந்த அறை இல்லை.

"எப்படி, நல்லா நடிப்பாங்களா?"

"சிலர். டாக்டர் கையை அதிகமா ஆட்டுவார். டைப்பிஸ்ட் அம்மா நல்ல நடிகை, ஆனா மழைக்காலத்துல குரல் போயிடும். ரெண்டாவது காட்சி எப்பவும் இழுக்கும்."

அந்த அம்மா எழுதிக்கொண்டார். "பணத்துல, நடத்தையில?"

"அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் தேடிப் பார்த்திருக்கேன்."

"சரி. நீங்க வழக்கமா எந்த வரிசையில உட்கார்ந்து பார்ப்பீங்க?"

சாதாரணமாகக் கேட்கப்பட்ட கேள்வி. ஆனால் சீலைப் பார்த்துவிட்டுக் கம்பியைப் பார்க்கிற கேள்வி அது என்று மீட்டருக்குப் புரிந்தது. மூன்றாவது வரிசை என்று சொன்னால் போதும். குழுவுக்கு இடம் கிடைக்கும். சொல்லாவிட்டால் எக்ஸ்ரே கருவி வரும், நாற்காலி பழைய இரும்புக்குப் போகும், எட்டுப் பேரும் அவரவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தூங்குவார்கள். ஆனால் மூன்றாவது வரிசை என்று சொன்ன நிமிடத்திலிருந்து அவர் உண்மையிலேயே அந்தக் குழுவில் இல்லாதவராகிவிடுவார். அதுவும் அவர் வாயாலேயே.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவசரப்படுத்தவில்லை. அந்த மௌனம் மறதியில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"எந்த நாடகத்தையும் நான் பார்த்ததில்லைங்க" என்றார் மீட்டர். "முன்னாடி உட்கார்ந்து பார்த்ததில்லை. திரைக்குப் பின்னாடி இருந்து வசனம் எடுத்துக் குடுக்கறது நான்தான். நான் வெளியாள் இல்லை."

பேனா நின்றது. "அப்படின்னா விண்ணப்பத்துல எழுதினது தப்பு."

"தப்புதான்."

"திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். பத்து நாளுக்குள்ள திருத்தி அனுப்பினா மறுபடி பார்ப்போம். கிடைக்கும்னு நான் சொல்லமாட்டேன்." எழுந்தபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "மூணாவது வரிசைன்னு சொல்லியிருந்தா, அங்கயிருந்து இடதுபக்கத் திரை தெரியுமான்னு கேட்டிருப்பேன். விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை மீட்டர் மாடிக்குப் போனபோது அறக்கட்டளையின் கடிதம் மின்னஞ்சலில் முன்பே வந்து சேர்ந்திருந்தது. டாக்டர் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். அதில் உட்கார்ந்து கோபப்படுவது அவருக்கு இயல்பாக வந்தது.

"குடியைக் கெடுத்துட்டியேய்யா! ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா என்ன?"

"ஒரு பேரை நீங்க எழுதியிருந்தா என்ன? என்னை வெளியே தள்ளத்தானே பார்த்தீங்க?"

"யாரு தள்ளினது? உறுப்பினர்னு ஒவ்வொருத்தருக்கும் ஆதாரம் வேணும்னான் அறக்கட்டளைக்காரன். இருக்கிற ஆதாரம் நாடக நோட்டீஸ்தான். நம்ம டைப்பிஸ்ட் அம்மா அதைப் பார்த்துத் தட்டச்சு பண்ணாங்க. உன் பேரு எந்த நோட்டீஸ்லயும் இல்லையே!"

"அதைத்தான் கேட்கறேன். ஏன் இல்லை?"

டாக்டர் நாற்காலியிலிருந்து இறங்கினார். "முதல் வருஷம் நீ என்னய்யா சொன்ன? 'அலுவலகத்துல யாராவது பார்த்தா வம்பு, எவனாவது போட்டுக் குடுத்துடுவான், என் பேரை எங்கயும் போடாதீங்க'ன்னு சொன்னியா இல்லையா? பத்தொன்பது வருஷம் அதைக் காப்பாத்தியிருக்கேன். என் பொண்டாட்டிகிட்டகூட உன் முழுப் பேரைச் சொன்னதில்லை."

மீட்டர் அதை மறந்தே போயிருந்தார். சொல்லியிருக்கமாட்டேன் என்று மறுக்க வாயெடுத்தார்; தான் சொல்லக்கூடியதுதான் அது என்று தெரிந்தது. அந்த வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லிலும் அவருடைய கைரேகை இருந்தது.

"வெளியாள்னு போட்டதையாவது சொல்லியிருக்கலாம்" என்றார் மெதுவாக.

"சொன்னா நீ ஒத்துக்கமாட்ட. அதான் சொல்லல. அது என் தப்பு." டாக்டர் கோப்பை எடுத்து அவர் கையில் வைத்தார். "யார் எழுதினாலும் நீ நம்பப்போறதில்லை. நீயே எழுது."

மீட்டர் எழுதினார். டாக்டரின் மனைவி எத்தனை ஒத்திகைக்கு வந்தார் என்று விசாரித்து, அவர் பெயரை அடித்தார். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டார். கடைசியாகத் தன் முழுப் பெயரை எழுதினார். பணி: வசனம் எடுத்துக் கொடுப்பது. அடுத்த கட்டம்: ஆதாரம். பேனா அங்கே நின்றது. நோட்டீஸ் இல்லை, படத்தில் முகம் பாதிதான் தெரிகிறது. தன்னிடம் இப்படி ஒரு தாளை யாராவது நீட்டியிருந்தால் தானே நம்பியிருக்கமாட்டோம் என்று அவருக்குத் தோன்றியது.

"என்னண்ணே, நின்னுட்டீங்க?" என்றார் டைப்பிஸ்ட் அக்கா.

"ஆதாரம் இல்லை."

"நாங்க எழுதிக் குடுத்தா செல்லுமா?"

"எல்லாரும் கையெழுத்துப் போட்டா ஒருவேளை செல்லும்."

ஒரு வெள்ளைத் தாளில் அவர் இத்தனை வருடமாக என்ன செய்தார் என்பதை அவரே எழுத வேண்டியிருந்தது. நான்கு வரிக்குமேல் வரவில்லை. டாக்டர் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். தாள் அக்காவிடம் போனது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"போடுங்கம்மா, என்ன பெரிய பத்திரமா?" என்றார் டாக்டர்.

"போன தடவை படிக்காமத் தட்டினதுலதான் இவ்வளவும். இருங்க." அக்கா இரண்டாவது வரியில் விரலை வைத்தார். "அண்ணே, 'உதவினார்'னு எழுதியிருக்கீங்க. அது சரியில்லை, நீங்க செஞ்சதுக்குக் குறைச்சலா இருக்கு. அடிச்சிட்டு வேற எழுதுங்க. அப்புறம்தான் கையெழுத்து."