ஜில்லு வாங்கிய இனிப்பு ஒயின்

மீன், இறைச்சி, பூ, தடுப்பூசி என்று கெட்டுப்போகிற எதையும் கெடாமல் வைத்திருக்கத் தெரிந்தவர் ஜில்லு. பெரிய கடைகளின் குளிர் அறைகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். கூட வரும் வண்டிக்காரர் வைத்த பட்டப்பெயர் அது. நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். இப்படிப்பட்டவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் ஓட்டை உடைசலாக இருக்கும் என்பார்கள். ஜில்லு வீட்டில் அப்படியில்லை. அங்கே தக்காளி கல்லாக உறைந்திருக்கும், நறுக்குவதற்கு முன் தட்டிப் பார்க்க வேண்டும்.

கெடக்கூடிய எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான் என்று அவர் நம்பினார். வீட்டுச் சண்டைக்கும் அதே வைத்தியம். "இப்ப வேண்டாம், கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்பார். ஆறிய பிறகு எதையாவது பேசினார் என்பதற்குச் சாட்சி கிடையாது.

அவர் மனைவி முடி வெட்டுபவள். பகல் முழுக்க நாற்காலியில் வந்து உட்காரும் முன்பின் தெரியாதவர்களிடம் வாய் ஓயாமல் பேசிவிட்டு, சாயங்காலம் ஒரே ஓர் ஆளின் பதிலுக்காக வீடு திரும்புகிறவள். அந்த ஆளுக்கு வாய்த்த ஒரே குறை, பதில் சொல்லத் தெரியாதது.

போன வருஷம் சலூன் முதலாளியம்மா ஓய்வெடுக்கப் போவதாகவும், கடையை இவளே எடுத்து நடத்தலாம் என்றும் சொன்னாள். "எடுக்கட்டுமா, வேண்டாமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்று புருஷனைக் கேட்டாள். "பார்க்கலாம்" என்றார் ஜில்லு. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடை வேறு கைக்குப் போய்விட்டது. அவள் சத்தம் போடவில்லை. ஒரு பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கோபம் ஆறினதும் வருவாள் என்று இவரும் காத்திருந்தார். மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தது, அவள் வரவில்லை.

இந்த நிலையில்தான் போன் வந்தது. "சனிக்கிழமை சாயங்காலம் வரேன். ஒரு விஷயம் பேசணும்."

ஜில்லு ஒயின் கடைக்கு ஓடினார். கல்யாணமான புதிதில் யாரோ ஒருவர் வீட்டு விருந்தில் இனிப்பான, நுரைக்கிற ஒயின் ஒன்றைக் குடித்துவிட்டு அவள் விரல் நுனியை நக்கியது அவருக்கு ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு அவர் வாங்கிக் கொடுத்ததெல்லாம் புளிப்பு ரகம்தான். விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் குடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். அவளும் முகத்தைச் சுளித்தபடி குடித்து முடிப்பாள். அந்தச் சுளிப்பை ரசனை என்று நம்பினார்.

"யாருக்குண்ணே?" என்றாள் கடைக்காரப் பெண்.

"சம்சாரத்துக்கு."

"சண்டையா, சமாதானமா?"

"ரெண்டுக்கும் வேற வேற பாட்டிலா?"

"சமாதானம்னா இதுதான்." மஸ்கட் திராட்சையில் செய்த ஒன்றை எடுத்து நீட்டினாள். "நல்லா இனிக்கும், பூ வாசனை அடிக்கும். ஒண்ணே ஒண்ணு, ரொம்பக் குளிர வச்சுடாதீங்க. ஊத்துறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வெளியில வையுங்க."

"அம்மா, குளிர் பத்தி எனக்கா சொல்ற?" என்றார் ஜில்லு. அன்றைக்கு முழுக்க அவருக்குச் சிரிப்பு வந்த இடம் அது ஒன்றுதான்.

சனிக்கிழமை பாட்டிலை ஐஸிலும் உப்பிலும் புதைத்து, வேலைக்கு எடுத்துப்போகும் தெர்மாமீட்டரைச் செருகி, உறைவதற்கு ஒரு மூச்சு முன்னால் நிறுத்தினார். கண்ணாடிக் கிளாஸ்களும் ஃப்ரீசருக்குள் போயின. அப்படி ஒரு வேலைத் திறமையை எந்தக் குளிர் அறையும் பார்த்திருக்காது.

அவள் வந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அவரைச் சுற்றி வந்து பின்தலையைப் பார்த்தாள்.

"யாரு வெட்டினா இதை? கோணக்கோணலா இருக்கு."

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல."

"கத்தரிக்கோலா, கதிரறுவாளா?" அவள் விரல்கள் அவர் பின்கழுத்தில் மயிரை ஒதுக்கின. எத்தனையோ நாளைக்குப் பிறகு பட்ட கை. ஜில்லுவுக்கு உடம்பு சிலிர்த்தது. திரும்பினால் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்று அவருக்கே தோன்றியது. ஆனால் பாட்டில் சூடாகிவிடுமே. "இரு, வந்துடறேன்" என்று அடுக்களைக்குப் போய்விட்டார்.

பனி படிந்த கிளாஸில் ஊற்றினார். நுரை சோம்பலாக எழுந்து அடங்கியது. அவள் ஒரு வாய் குடித்தாள்.

"தண்ணி மாதிரி இருக்கு. பல்லு கூசுது."

"இனிப்புதான் கேட்டு வாங்கினேன்."

"அப்ப இனிப்பு எங்கே?"

ஜில்லு பாட்டிலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒயின் கடையைப் பற்றி, ஐஸைப் பற்றி, உப்பைப் பற்றி விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அக்காவும் நானும் வேற ஊர்ல ஒரு கடை பார்த்திருக்கோம். கட்டடக்காரருக்கு இன்னைக்குள்ள பதில் சொல்லணும். சொல்லுங்க, நான் போகட்டுமா?"

போகாதே என்பது ஒரே ஒரு சொல். அது தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தபோது பழக்கம் முந்திக்கொண்டது.

"பார்க்கலாம். கொஞ்சம் ஆறட்டும்."

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அவள் எழுந்தாள்.

"இன்னும் எவ்வளவுதாங்க ஆறணும்?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

ஜில்லு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். கிளாஸின் மேல் இருந்த பனி நீராகி வழிந்து மேஜையில் வட்டமிட்டது. அவள் மிச்சம் வைத்ததில் குமிழிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, பிறகு கூட்டமாக ஏறத் தொடங்கின. பூ வாசனை வந்தது. எடுத்து உதட்டில் வைத்தார். இனித்தது. அந்த விருந்தில் இனித்த அதே மாதிரி.

குடித்து முடித்துவிட்டுப் போனை எடுத்தார். அந்தப் பக்கம் பஸ் இரைச்சல்.

"இப்ப இனிக்குது," என்றார்.

"எது?"

"ஒயின். ரொம்பக் குளிர வச்சுட்டேன். வெளியில இருந்ததும் சரியாயிடுச்சு."

"இதைச் சொல்லத்தான் கூப்பிட்டீங்களா?"

"இல்ல. போகாதேன்னு சொல்ல."



"பஸ் ஏறினதும் கட்டடக்காரருக்குச் சரின்னு சொல்லிட்டேங்க. அக்காவும் வேலையை விட்டுட்டா." பிறகு, "என் கிளாஸ்ல மிச்சம் இருக்கா?" என்றாள்.

அது அவர் கையில்தான் இருந்தது, காலியாக.

"நான் குடிச்சுட்டேன்."

"வீணாக்காம இருந்தீங்களே, நல்லது." அவள் சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா என்று இரைச்சலில் தெரியவில்லை. "அந்தப் பின்கழுத்தை மட்டும் யார்கிட்டயாவது காட்டிச் சரி பண்ணிக்கங்க. பார்க்கச் சகிக்கல."

"சரி," என்றார் ஜில்லு. முதல் தடவையாக உடனே பதில் சொன்னார்.