பொதுத் தொழிலாளி, ஒன்பது வருடம்

துறைமுகத்துக் களஞ்சியமொன்றுக்கு போர்க்லிஃப்ட் ஓட்டுநர் தேவை என்ற விளம்பரத்தை மருமகன் கொண்டுவந்தபோது, விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நேரம் அன்று பின்னேரம் நாலு மணி. இதுவும் தவறினால் கட்டாருக்குப் போவதாகச் சொல்லியிருந்தான். மகளுக்கு அது ஏழாம் மாதம்.

சுயவிபரக்கோவை எழுத என்னை விட்டால் பாலையூற்றில் ஆளில்லை. முப்பது வருடம் பிறருடைய கோவைகளில் பிழை பிடித்துச் சம்பளம் வாங்கியவன். முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், சாதாரண தரப் பெறுபேறு, நற்சான்று சொல்ல உறவினரல்லாத இருவர் என்று ஒழுங்காக இறக்கிக்கொண்டு போனேன். அனுபவம் என்ற இடத்தில் கை நின்றது.

லைசென்ஸ் இருந்தது. ஐந்து வருட அனுபவத்துக்கு அத்தாட்சியும் கேட்டிருந்தார்கள். பழைய வேலையிடத்துச் சேவைச் சான்றிதழில் "பொதுத் தொழிலாளி, ஒன்பது வருடம்" என்றிருந்தது. அந்த ஒன்பது வருடமும் சீமெந்து மூட்டைகளைப் போர்க்லிஃப்டில் ஏற்றி இறக்கியவன் அவன். அங்கே நிர்வாக உத்தியோகத்தர் நான். ஓட்டுநர் பதவிக்கு அங்கீகாரம் இல்லாததால், கணக்காய்வுக்கு வசதியாகத் தொழிலாளி என்றே பதிந்தேன். அப்போது அவன் எனக்கு மருமகனில்லை. சான்றிதழின் அடியில் என் கையொப்பம் மிகத் தெளிவாக இருந்தது.

"ஓட்டுநர் எண்டே எழுதுங்கோவன் மாமா."

"சான்றிதழோட ஒத்துவராட்டி முதல் பார்வையிலயே எறிவாங்கள் தம்பி. நானே எத்தினை பேரை எறிஞ்சனான்."

"எறிஞ்சதில ஒண்டு இப்ப எங்கட வீட்டுக்குள்ள விழுந்திருக்கு அப்பா," என்றாள் மகள் குசினியிலிருந்து.

கோவையில் சான்றிதழில் உள்ளதையே எழுதினேன். கூடவே ஒரு கடிதம் வைத்தேன்: ஒழுங்குவிதிக்கு மாறாக இவரை ஒன்பது வருடம் போர்க்லிஃப்ட் ஓட்ட வைத்தவன் நான், பதிவுதான் பொய்.

மருமகனோடு மோட்டார் சைக்கிளில் களஞ்சியத்துக்குப் போய்ச் சேர மூன்றே முக்கால். கவுண்டரில் இருந்த பிள்ளை கடிதத்தை முழுதாக வாசித்தாள்.

"ஐயா இவருக்கு என்ன முறை?"

"மாமனார்."

கிளிப்பைக் கழற்றிக் கடிதத்தை மட்டும் திருப்பித் தந்தாள். "சொந்தக்காரர்ட கடிதம் சேர்க்க ஏலாது ஐயா."

அவள் செய்தது முற்றிலும் சரி. அவள் இடத்தில் நானும் அதையே செய்திருப்பேன்.

"பிள்ளை, உள்ளுக்கு ஒரு போர்க்லிஃப்ட் நிக்குதுதானே. அஞ்சு நிமிசம் இவரை ஓட்ட விட்டுப் பாருங்கோ," என்றேன். கெஞ்சுவதற்கு நடைமுறை ஏதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"நேர்முகத்துக்குக் கூப்பிட்டாத்தான் ஐயா அதெல்லாம். இப்ப இதுக்குக் கிடைச்சதெண்டு முத்திரை குத்தவா, வேண்டாமா?"

நான் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். மருமகன் என்னைப் பார்க்காமல், "குத்துங்கோ," என்றான்.