டைகருக்கு விரித்த வைக்கோல்

குற்றாலத்தை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. செங்கோட்டை ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். சாரலுக்குத் தலையில் ஒரு சாக்கு. கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் டைகர்.

பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். பாதிப் பல் இல்லை. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. பின்னங்கால்கள் பிடித்துக்கொண்டு, அடிக்கொரு தரம் நின்று மூச்சு வாங்கியது. அந்தக் கிழட்டு நாயைச் செங்கோட்டைக்கு அப்பால், புளியரைப் பக்கம் அவிழ்த்துவிட வேண்டும். இதுதான் எனக்குக் கொடுத்த வேலை. கூலி, ஒரு வேளைச் சாப்பாடு. அதையும் கிளம்பும்போதே சாப்பிட்டாகிவிட்டது!

போன சீசனில் நடந்தது இது. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு சரி. ஒரு ஊரில் ஒரு சீசன் தாங்கினால் அதிகம். செங்கோட்டைப் பக்கம் ஒரு மரமில்லில் அன்றைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்க்கொண்டிருந்தேன். போகிற வழியில் ஒரு நாயை விட்டுவிட்டுப் போவதில் என்ன கஷ்டம்?

கயிற்றைக் கொடுத்தவர் செல்லையா அண்ணாச்சி. அருவிக்குப் போகிற வழியில் நாலு அறை கட்டி, சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர். அதற்கு முன்னால் தென்காசி, செங்கோட்டை ஸ்டேஷன்களுக்கும் குற்றாலத்துக்கும் மாட்டுவண்டி ஓட்டினவர். டைகர் குட்டியிலிருந்தே அந்த வண்டியோடு ஓடி வளர்ந்தது. பஸ் வந்தது. வண்டி போனது. டைகர் வீட்டுக்குள் வந்தது.

வயசானதும் ஆரம்பித்தது தொல்லை. சாரலில் குளிருமே என்று, அறைகளுக்கு நடுவே இருந்த நடையில் அண்ணாச்சியே வைக்கோல் விரித்துப் படுக்கை போட்டுக் கொடுத்தார். டைகர் அதிலேயே மூத்திரம் போய்விட்டது. குளிரில்தான் இப்படி ஆகிறது என்று, ஈர வைக்கோலை அள்ளிவிட்டு இன்னும் மெத்தென்று புது வைக்கோல் போட்டார். அதிலும் போனது. அவர் மனைவி கோமதியக்கா பினாயில் ஊற்றிக் கழுவினார். தண்ணீர் வைப்பதைக் குறைத்துப் பார்த்தார்கள். அதட்டிப் பார்த்தார்கள். ம்ஹூம்... ஒன்றும் பலிக்கவில்லை.

கடைசியில் மூன்றாம் நம்பர் அறையில் தங்கியிருந்த மதுரைக் குடும்பத்தார், ஊருக்குக் கொண்டுபோக வாங்கின மங்குஸ்தானைக் கூடையில் வைக்கோல் பொதிந்து நடையில் வைத்தார்கள். டைகர் கூடைக்கே அபிஷேகம் செய்துவிட்டது. அவர்கள் படுக்கையை ஹோல்டாலில் சுருட்டிக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போனார்கள். நடு சீசனில் ஓர் அறை காலி.

"ஒண்ணு இந்த வீட்ல நாயி இருக்கணும், இல்ல வாடகைக்கு ஆளு இருக்கணும்" என்று சொல்லிவிட்டார் கோமதியக்கா.

அண்ணாச்சிக்குத் தன் கையால் கொண்டுபோய் விட மனசு வரவில்லை. வேலை கேட்டு வாசலில் நின்ற என்னிடம் கயிற்றை நீட்டினார்.

"தம்பி, வெளிய கூட்டிட்டுப் போவணும். திரும்பக் கூட்டிட்டு வரப்பிடாது. அம்புட்டுத்தான் வேல."

டைகரின் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டார்.

ஒன்றைக் கவனித்தேன். வழி நெடுக மரம் இருந்தது, மைல்கல் இருந்தது, தந்திக் கம்பம் இருந்தது. டைகர் எதிலும் காலைத் தூக்கவில்லை. மோந்துகூடப் பார்க்கவில்லை. ஆண் நாய் இப்படி இருந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

சாரல் வலுத்தது. ரோட்டோரம் ஒரு டீக்கடை. அதை ஒட்டி வண்டிகள் நிறுத்த ஒரு கொட்டகை. ஒதுங்கினேன். கடைக்காரர் நாயைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏ, இது செல்லையா வண்டி நாய்லா! என்னவே, வண்டிய வித்தான், இப்பம் நாயவும் வித்துட்டானா?"

"விக்கல. கொண்டு விடச் சொல்லியிருக்காரு. வீட்டுக்குள்ளயே ஒண்ணுக்குப் போவுதாம்."

"இதா? சும்மா கெடயும்வே! வண்டி இங்கன எத்தன தடவ நின்னுருக்கு. கடைக்குள்ள ஒரு சொட்டு விட்டது கெடையாது."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே டைகர் கயிற்றை இழுத்தது. அவ்வளவு நேரமும் இல்லாத இழுப்பு. விட்டுவிட்டேன். நேராகக் கொட்டகை மூலைக்குப் போனது. மாடுகள் தின்று கழித்த வைக்கோல் அங்கே குவிந்து கிடந்தது. மோந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. அப்புறம்... பாவம், எவ்வளவு நேரமாக அடக்கி வைத்திருந்ததோ! என் டீ ஆறிப்போனது.

முடித்ததும் வைக்கோலை விட்டு விலகி வந்து, எதிர்ப்பக்கம் கிடந்த காலிச் சாக்கில் போய்ப் படுத்துக்கொண்டது.

கடைக்காரர் சிரித்தார். "இப்பவும் அந்த மூலைதான் பாத்தீரா! குட்டியிலயே செல்லையா பழக்குனதுவே. மரத்துக்கு மரம் நாயி நின்னா, வண்டியும் நிக்கணும். ரயிலு நிக்குமா? அதான், வண்டி நிக்க எடத்துல, கழிவு வைக்கோல்லதான் போவணும். தூங்குததுக்கு வண்டிக்கு அடியில சாக்குத் தொட்டில்."

எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணாச்சி குளிருக்குப் படுக்கை போட்டதாக நினைத்திருக்கிறார். டைகரோ, வீட்டுக்குள்ளேயே தனக்குக் கக்கூஸ் கட்டிக் கொடுத்ததாக நினைத்திருக்கிறது! அவர் வைக்கோலைக் கூட்டக் கூட்ட, அது சந்தோஷமாகப் போயிருக்கிறது. மங்குஸ்தான் கூடையிலும் அதே வைக்கோல்தானே?

கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பினேன்.

பெரிய இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். என்னைப் பல ஊர்களில் துரத்தியிருக்கிறார்கள். ஏதாவது செய்துவிட்டுத்தான் துரத்தப்பட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்ததற்காக ஒருவரைத் துரத்தலாமா?

மில் வேலை போனது போனதுதான்.

வாசலில் கோமதியக்கா நின்றிருந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். "ஏலே, வந்துட்டியாலே..." என்று முந்தானையால் டைகரின் தலையைத் துவட்டினார். அக்காவின் கண் சிவந்திருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். அண்ணாச்சியும் வெளியே வந்து கேட்டார்.

"பழக்குனது நீங்க, வைக்கோல விரிச்சதும் நீங்க. வாத்தியாரு சொன்னத அது செஞ்சிருக்கு. இதுல நாடு கடத்துதது மட்டும் அதையாக்கும்!" என்றார் அக்கா.

"குளிருமேன்னுலா போட்டேன்..." என்றார் அண்ணாச்சி.

நடையிலிருந்த வைக்கோலை அள்ளினோம். தரையைக் கழுவிக் காயவிட்டுச் சாக்கை விரித்தோம். பின்பக்கம், சாரல் அடிக்காத விறகுக் கொட்டகையில் பழைய வைக்கோலைக் குவித்தோம். தண்ணீரைச் சட்டி நிறைய வைத்தோம். டைகர் குடித்தது, தின்றது. பொழுது இறங்கும் நேரம், மூன்று பேரும் அதன் பின்னாலேயே போனோம்.

கொட்டகை வாசலில் நின்று யோசித்தது. வைக்கோலை மோந்தது. ஒரு சுற்று.

"போறான்... போறான்!" என்று அண்ணாச்சி என் தோளைப் பிடித்தார். மூன்று பெரிய மனிதர்கள், ஒரு நாய் ஒன்றுக்குப் போவதைப் பார்த்து இத்தனை சந்தோஷப்பட்டதை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அண்ணாச்சி அப்படியே விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. வயசு வயசுதானே? எழுந்ததும், சாப்பிட்டதும், படுக்கும் முன்னும் யாராவது கூட்டிப்போக வேண்டும். அப்படியும் சில நாள் சிந்தும். துடைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அதட்டினால் பயத்தில் இன்னும் கொஞ்சம் சிந்தும்! கிழடு தட்டினால் நம் கதை மட்டும் என்ன வாழப்போகிறது?

மறுநாள் காலையில், சீசன் முடிகிறவரை இருக்கச் சொல்லி, அண்ணாச்சி மறுபடியும் அதே கயிற்றை என் கையில் கொடுத்தார். வேலையும் அதேதான். டைகரை வெளியே கூட்டிப் போக வேண்டும்.

ஒரே வித்தியாசம் — திரும்பக் கூட்டி வர வேண்டும்.