இரும்பு ஆமைக்குக் குரல் கொடுத்தவர்

தி. நகரில் நானும் என் கணவரும் டப்பிங் பேசிய அந்தச் சின்ன ஸ்டுடியோவில் ஒரே ஒரு மைக்தான் இருந்தது. அவர் ஆறடிக்கு மேல் உயரம். நான் அவர் தோளுக்குக்கூட வரமாட்டேன். இருவரும் சேர்ந்து பேசுகிற காட்சி வந்தால் மைக்கை அவர் வாய்க்குச் சரியாக உயர்த்திவிட்டு, என்னை ஒரு மர ஸ்டூலின் மேல் ஏற்றி நிறுத்துவார்கள். ஸ்டூல் ஆடும். ஆடுகிற சத்தம் மைக்கில் விழுந்தால் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும். அதனால் அவர் ஸ்டூலின் குறுக்குக் கட்டையில் தன் ஒரு காலை ஊன்றி அழுத்திக்கொண்டேதான் தன் வசனத்தைப் பேசுவார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர வேண்டும் என்பது அங்கே விதி. ஏசி குளிரில் அவர் பாதத்தில் நரம்புகள் நீலமாகத் தெரியும். நான் திரையைப் பார்த்துப் பேச வேண்டிய நேரத்தில் சில சமயம் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

நாங்கள் பேசியது ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடர். குழந்தைகள் சேனலில் சாயங்காலம் பள்ளிவிட்டு வரும் நேரத்துக்குப் போடுவார்கள். உலகத்தில் கடலெல்லாம் ஒருநாள் வற்றிப்போய்விடுகிறது. மீன்பிடிக்கப் போன அப்பாவையும் அந்தக் கடல் கொண்டுபோய்விட, எட்டு வயதுப் பையன் ஒருவன் காய்ந்த கடல்தரையில் நடந்து கடலைத் தேடிப் போகிறான். வழியில் பாதி மணலில் புதைந்து கிடக்கும் ஓர் இரும்பு ஆமையைத் தோண்டி எடுக்கிறான். பேசுகிற ஆமை. வீடு அளவுக்குப் பெரியது. அதன் முதுகில் ஏறிக்கொண்டுதான் மீதிப் பயணம். பையனுக்கு நான் பேசினேன். சின்னப் பையன்களுக்குப் பெண்கள்தான் பேசுவோம், அது எங்கள் தொழிலில் வழக்கம். ஆமைக்கு அவர்.

முதல் நாள் எழுதி வந்த வசனம், "வா தம்பி, நம் பயணத்தைத் தொடரலாம்" என்று இருந்தது. அவர் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் ஆமை அதற்குள் வாயை மூடிவிட்டது. நாலைந்து முறை முயன்ற பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர், "சார், ஆமை பேசி முடிச்சு நடக்கவே ஆரம்பிச்சிருச்சு" என்றார். என் கணவருக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். கடற்கரையோர நொச்சிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர், தொழிலுக்காகக் கஷ்டப்பட்டுச் சுத்தத் தமிழ் பழகியவர். அடுத்த முறை திரையில் ஆமை வாயைத் திறந்ததும், "இன்னா நைனா, போலாமா?" என்றார். ஆமையின் வாயும் அதே இடத்தில் மூடியது. வசனம் எழுதியவர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்த வரியை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து தொடர் முடியும்வரை இரும்பு ஆமை மெட்ராஸ் பாஷைதான் பேசியது. மாதங்கள் போகப்போக மந்தைவெளித் தெருக்களில் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகள் ஒருவரையொருவர் "இன்னா நைனா, போலாமா?" என்று கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறோம். அப்போதெல்லாம் அவர் என் பக்கம் திரும்பிப் புருவத்தை மட்டும் உயர்த்துவார்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மந்தைவெளியில் மாடி வீடு, வாடகைக்கு. வீட்டிலும் அவர் என்னை நைனா என்றுதான் கூப்பிடுவார். நான் கர்ப்பமானபோது வயிற்றைத் தள்ளிக்கொண்டு அந்த ஸ்டூலில் ஏறி நின்று ஓடுகிறவனாக, விழுகிறவனாக, ஆமையின் முதுகில் குதிக்கிறவனாகப் பேசினேன். ஏழாம் மாதத்திலேயே வலி எடுத்துவிட்டது. பிறந்தது பையன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பகலும் ஓர் இரவும் இருந்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோனது. சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது ஏதாவது சொல்லியிருப்போம். காபி டம்ளரை வைக்கிற சத்தம், பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம், அவ்வளவுதான். யார் என்ன சொன்னாலும் அது அந்தப் பிள்ளையில் போய்த்தான் நிற்கும் என்று இரண்டு பேருக்கும் பயம். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஏற்கெனவே மடித்த துணியை மறுபடி மடிப்பேன்.

ஆனால் தொடர் நிற்கவில்லை. நாங்கள் மறுபடி வேலைக்குப் போக வேண்டியிருந்தது. ஒரே பஸ்ஸில் ஏறுவோம். நான் முன்பக்கம், அவர் பின்பக்கம். பனகல் பார்க்கில் இறங்கி, கூட்டத்துக்குள் ஒருவர் பின்னால் ஒருவராக நடப்போம். உள்ளே போய், விளக்கை அணைத்து, ஹெட்போனை மாட்டி, அவர் காலை ஸ்டூலில் ஊன்றியதும் பேச ஆரம்பித்துவிடுவோம். பையனுக்குக் காய்ச்சல் வருகிற காட்சி ஒன்று உண்டு. கடல்தரை முழுக்க மணல்காற்று. ஆமை தன் ஓட்டை இறக்கி அவனை மூடிக்கொண்டு, "தூங்கு நைனா. நான் முழிச்சிக்கினு கீறேன்" என்று சொல்லும். அவர் அதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. திரையில் பையனும் அந்த இடத்தில் அழவேண்டும் என்பதால் யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. "டேக் ஓகே மேடம், சூப்பர்" என்று இன்ஜினியர் சொன்னார். விளக்கு எரிந்தது. அவர் காலை எடுத்தார், நான் இறங்கினேன், அதே பஸ்ஸில் முன்னும் பின்னுமாக வீட்டுக்கு வந்தோம். ஒரு வருஷத்துக்கும் மேல் எங்கள் குடித்தனம் அப்படித்தான் நடந்தது. சேர்ந்து வாழ்ந்ததெல்லாம் அந்த இருட்டு அறையில்தான் என்று சொன்னால் தப்பில்லை.

கடைசி வாரத்தில் அவர்கள் கடலைக் கண்டுபிடிக்கிறார்கள். இரும்பு ஆமையால் கடலில் இறங்க முடியாது, மூழ்கிப்போகும். பையன் மட்டும் படகில் ஏற வேண்டும். "போ நைனா. திரும்பிப் பாக்காம போ" என்று ஆமை சொல்லும். பையன் அழுதுகொண்டே துடுப்பு போடுவான். தொடர் அத்துடன் முடிந்தது. கொஞ்ச நாளில் அவருக்கு ஹைதராபாத்தில் ஒரு டப்பிங் கம்பெனியில் நிரந்தர வேலை கிடைத்தது. ஒரு காலை நேரம், பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, "போய்ட்டு வரேன்" என்றார். நான் "சரி" என்றேன். ஆறு மாதத்தில் வருவார், இல்லை என்னைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். நான் கூப்பிடுவேன் என்று அவர் நினைத்தாரோ என்னவோ. நடந்தது என்னவென்றால், சில வருஷங்கள் கழித்து இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தோம். அங்கே அவருக்குக் குடும்பம் அமைந்தது. ஒரு மகள் இருப்பதாகத் தொழிலில் யாரோ சொன்னார்கள். நான் அதே தெருவில் அதைவிடச் சின்ன வீட்டுக்கு மாறினேன். பால் விளம்பரத்துக்கும் பிஸ்கெட் விளம்பரத்துக்கும் குழந்தைகளாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். தலை நரைத்துவிட்டது, அந்தக் குரல் மட்டும் எப்படியோ மிச்சமிருக்கிறது.

போன வருஷம் ஒரு பெண் போன் செய்தாள். டப்பிங் டைரக்டர், முப்பது வயதுதான் இருக்கும். அந்தத் தொடரின் தொடர்ச்சியாக ஜப்பானில் சினிமா வந்திருக்கிறதாம், தமிழில் அவள்தான் செய்கிறாளாம். "மேடம், நான் ஸ்கூல் விட்டு ஓடி வந்ததே உங்க ரெண்டு பேர் குரலைக் கேக்கத்தான். பையனோட சின்ன வயசு சீன் எல்லாம் நீங்கதான் பேசணும்" என்றாள். ஆமைக்கு யார் என்று உடனே கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடையாறில் ஓர் அபார்ட்மெண்டின் தரைத்தளத்தில் அவளுடைய ஸ்டுடியோ. போன பிறகு கதையைச் சொன்னாள். பையன் இப்போது நடுவயது மனிதன். கடலோரத்தில் தனியாக வாழ்கிறான். தன்னைப் பார்க்க வந்த மகளுக்குப் பழைய கதையைச் சொல்ல ஆரம்பிக்கும்போதுதான் அவனுக்கே புரிகிறது, இத்தனை காலம் தான் நினைவில் வைத்திருந்தது நடந்தது இல்லை என்று. நாங்கள் அன்று பேசிய தொடர் முழுவதும் அவன் தனக்குச் சொல்லிக்கொண்ட கதை. அதே காட்சிகளைப் புதிதாக வரைந்து, வேறு மாதிரி காட்டுகிறார்கள். கடற்கரையில் ஆமை அவனைப் போகச் சொல்லவே இல்லை. போகாதே என்று கெஞ்சியது. அவன்தான் போய்விட்டான்.

"ஆமைக்கு?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"சாரேதான் மேடம். போன வாரம் ஹைதராபாத்லேர்ந்து வந்து பேசிக் குடுத்துட்டு, சாயங்கால ட்ரெயின்லயே போயிட்டார்."

இப்போதெல்லாம் யாரும் சேர்ந்து நின்று பேசுவதில்லை. அவரவர் வந்து தனித்தனியாகப் பேசிவிட்டுப் போகிறோம், கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்கிறார்கள். மைக் ஸ்டாண்டைத் திருகினால் இறங்குகிறது, ஸ்டூல் தேவையில்லை. உள்ளே நான் மட்டும் நின்றேன். முதலில் சின்னச் சின்னக் காட்சிகள் எடுத்தார்கள். பிறகு கடற்கரை. "சார் டிராக் போடறேன் மேடம், கேட்டுட்டுப் பேசுங்க" என்றாள்.

அவர் குரல் தடித்திருந்தது. வார்த்தைக்கு வார்த்தை நடுவில் மூச்சு வாங்கியது. என் கையிலிருந்த தாளில் "போகாதே. என்னை விட்டுப் போகாதே" என்று அச்சடித்திருந்தது. காதில், "போவாத நைனா" என்று வந்தது. வேறொன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் தாழ்வாக, "போவாத."

நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரில் பேசினாள். "பேப்பர்ல இருக்கற மாதிரி ஒரு டேக் குடுத்தார் மேடம். அப்புறம் இன்னொண்ணு எடுத்துக்கட்டுமான்னு அவரே கேட்டார். இதுதான் நல்லா இருந்துச்சு, வெச்சிக்கிட்டோம்."

"பையனுக்கு நான்தான் பேசறேன்னு அவருக்குத் தெரியுமா?"

"கேட்டுட்டுத்தான் ஒத்துக்கிட்டார்."

அந்த இடத்தில் பையனுக்கு வசனமே கிடையாது. ஆமை சொன்னதும் அவன் படகின் விளிம்பைப் பிடித்தபடி நிற்கிறான், ஒரு மூச்சு விடுகிறான், ஏறிக்கொள்கிறான். அந்த மூச்சையும் நாங்கள்தான் கொடுக்க வேண்டும். அழுகை, இருமல், பெருமூச்சு எல்லாம் எங்கள் வேலையில் வசனத்தைப் போலத்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். முதல் முறை பெரியவள் மூச்சாக வந்தது. அடுத்தது நடிப்பாக இருந்தது. அவள் பொறுமையாக மறுபடி மறுபடி ஓட்டினாள். ஒவ்வொரு முறையும் அவர் போவாத நைனா என்றார், நான் பதிலுக்கு மூச்சுவிடத் தெரியாமல் நின்றேன். எத்தனையாவது முறையோ, பேசுவதற்காக வாயைத் திறந்துவிட்டேன். என்ன சொல்லப்போனேன் என்று தெரியாது. வசனம் இல்லை என்பது நினைவுக்கு வந்து, வந்த வார்த்தையை விழுங்கினேன். வெளியே காற்று மட்டும் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

படம் இந்தக் கோடையில் வந்தது. ராயப்பேட்டையில் ஒரு மாலில் வேலைநாள் பகல்காட்சிக்குத் தனியாகப் போனேன். அரங்கில் பாதிகூட நிறையவில்லை. வந்திருந்தவர்களில் பலர் ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய இளைஞர்கள். அந்தப் பிள்ளைகள்தான், வளர்ந்துவிட்டார்கள். எனக்கு முன்வரிசையில் இருந்த ஒருவன் ஆமை வாயைத் திறந்ததுமே நண்பனின் தொடையைத் தட்டி, "மச்சி, அதே குரல்டா" என்றான். கடற்கரைக் காட்சியில் அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது. அந்தப் பெரிய இருட்டில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசுவதுபோலத்தான் கேட்டது. அவர் பேசியபோது நான் பக்கத்தில் இல்லை. நான் மூச்சுவிட்டபோது அவர் ஊரிலேயே இல்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடின. தமிழ்க் குரல்களின் பெயர் வருவதற்குள் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். கூட்டுகிறவர்கள் உள்ளே வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வெளியே சாலை ஓரத்தில் நின்று, டைரக்டர் பெண்ணிடம் வாங்கி வைத்திருந்த அவர் எண்ணுக்குப் போன் செய்தேன்.

"யாரு?"

"நான்தான்."

"ம். சொல்லு."

"படம் பாத்தேன். நல்லா பேசியிருக்கீங்க."

"நான் பாக்கல. இங்க தெலுங்குல மட்டுந்தான் போட்டுகீறாங்க. தமிழ் வரல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் சொன்னதும் அவன் ஒண்ணு வுடுவான்ல, மூச்சு. அத எப்டி பண்ண?"

"மூச்சுதானே. சொல்றதுக்கு என்ன இருக்கு."

"பண்ணிக் காட்டு."

பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. நான் போனை வாயருகில் வைத்துக்கொண்டு அதைச் செய்தேன்.

"கேக்கல. வண்டி சத்தமா கீது" என்றார்.

பக்கத்தில் இருந்த ஜெராக்ஸ் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதன் கீழ் குனிந்து, ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, மறுபடி செய்தேன். இந்த முறை நடுவில் உடைந்துபோனது.

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மறுபடி காதில் வைத்துக்கொண்டேன்.

"கேட்டுச்சு" என்றார்.