திமிங்கிலத்தின் வயிறு

குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கும் எங்கள் அண்ணிக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகளைக் குளிப்பாட்டியதும் வாத்து, மீன் என்று ஒவ்வொரு ரப்பர் பொம்மையையும் பிழிவார். பிறகு அதன் அடியிலுள்ள துளையைக் கன்னத்தருகே வைத்து மறுபடி அமுக்குவார். பதினோரு வருடமாகப் பக்கத்தில் துணி துவைத்தபடி பார்க்கிறேன். பிள்ளைகள் அவருக்கு வாத்தம்மா என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

போன மாதம் நீலத் திமிங்கிலத்தைக் கன்னத்தில் வைத்தவர் முகம் சுளித்தார். அது இல்லாமல் தொட்டியில் கால் வைக்காத மூன்று வயதுக்காரி அழுதுகொண்டு நின்றாள்.

“பளபளன்னுதானே இருக்கு? குடுத்துடுங்க” என்றார் மேலாளர் அம்மா.

“அத்திப்பழத்தப் புட்டுப் பாத்தா அத்தனையும் புழு. இவ இத வாயில வச்சு உறிஞ்சுவா.”

“உங்க கன்னம் என்ன ஸ்கேன் மெஷினா?”

அண்ணி கத்தரிக்கோலால் அதன் வயிற்றைக் கீறினார். உள்ளே கரிச்சட்டி போல் பூசணம் படர்ந்திருந்தது. மேலாளர் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“எப்படி அண்ணி தெரிஞ்சுது?” என்று கேட்டேன்.

“காஞ்ச பொம்மை மூச்சு விடும். இது இருமுதுடி.”

குழந்தை அலறினாள். “திமிங்கிலத்துக்கு வயித்துவலிடா செல்லம், ஆபரேஷன் நடக்குது” என்று சொல்லிக்கொண்டே அண்ணி அடிவயிற்றை முழுதாக வெட்டி எடுத்தார். பழைய பல் பிரஷால் உட்புறத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிநீரில் அலசி, ஆறியதும் நீட்டினார். அவள் அதில் தண்ணீர் மொண்டு தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டு சிரித்தாள்.

இப்போது எங்கள் காப்பகத்தில் எந்த ரப்பர் பொம்மைக்கும் அடிவயிறு இல்லை. எல்லாம் ஜன்னலோரம் கவிழ்ந்து காய்கின்றன.