மாமாவின் ஜீப்புக்குக் கண் திறந்த நாள்

என் மாமாவிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. மாமாதான் அந்த ஜீப்பிடம் இருக்கிறார் என்று உம்மா சொல்வார். ஜும்ஆவுக்குப் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் மாமாவின் கால்கள் மட்டும் அதன் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். ஐஸ் பெட்டியும் மீனும் ஏற்றிக்கொண்டு மணலில் புதையாமல் ஓட எங்கள் கரையில் அதைவிட்டால் வேறு வாகனம் இல்லை. அதன் முன்விளக்குகள்தான் மோசம். இரண்டும் அரைத் தூக்கத்தில் இருக்கிறவரின் கண்களைப் போல மஞ்சளாக மினுங்கும்.

“அதுக்கு முன்னால ஒராள் டோர்ச் அடிச்சிட்டு நடந்தா நல்லாயிருக்கும்” என்பார் உம்மா.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மன்னாருக்குப் போகும் காட்டுப் பாதையில் வாகனங்கள் ஓடுகின்றன என்று கேள்விப்பட்டதிலிருந்து உம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொண்ணூறில் முஸ்லிம்களை மன்னாரை விட்டு விரட்டியபோது ஊரோடு சேர்ந்து வெளியேறி வந்த அவர் அப்போது கல்யாணமாகாத பெண். பிறந்த வீட்டில் கிணறாவது மிஞ்சியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். வாப்பாவும் சம்மதித்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. திரும்பி வர இருட்டிவிடும், யானை நடுப்பாதையில் நிற்கும், இந்த விளக்கை நம்பிப் பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்றார்.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பஸ் ஏறிப் புத்தளம் போய் இரண்டு புது எல்இடி விளக்குகளோடு வந்து இறங்கினார். பயணத்துக்கு முதல் நாள் எங்கள் முற்றம் கராஜ் ஆனது. பழைய வயர்கள் உப்புக் காற்றில் பச்சை பூத்துக் கிடந்தன. அவற்றையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு பெற்றறியிலிருந்து புது வயர் இழுத்தார். கழற்றிய ஆணிகளைப் போட்டுவைக்க உம்மாவின் தேநீர் வடியை எடுத்துக்கொண்டார். முதல்முறை சுவிட்சைத் தட்டியபோது வெளிச்சம் வரவில்லை, புகைதான் வந்தது. உம்மா வாளி நிறையத் தண்ணீரோடு ஓடிவந்தார். ஃபியூஸ்தான் எரிந்தது, ஜீப் எரியவில்லை என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் மாமா தொப்பலாக நனைந்துவிட்டார்.

இரண்டாம் முறை விளக்குகள் எரிந்தன. பட்டப்பகலிலேயே கண் கூசியது. ஆனால் ஒன்று தென்னையின் உச்சியில் தேங்காய் தேடியது, மற்றது நிலத்தில் எறும்பு தேடியது. உம்மாவின் வெள்ளை விரிப்பைக் கொடியில் கட்டி, அதில் கரிக்கோடு இழுத்து, இரண்டு வெளிச்சமும் கோட்டில் வந்து நிற்கும்வரை மாமா திருகாணிகளைத் திருகிக்கொண்டிருந்தார். விரிப்பு பாழானதைப் பற்றி உம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.

அப்போதுதான் பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். வாப்பா இன்னும் கரைக்கு வரவில்லை என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

மறுநாள் பயணம் என்பதால் போட்ட வலையை மட்டும் எடுத்துக்கொண்டு வெயில் இருக்கவே வந்துவிடுவேன் என்று சொல்லி, கடலோடு சேர்ந்த களப்புக்குப் படகில் தனியாகப் போனவர். காற்று வேறு கிளம்பியிருந்தது. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். தொழுதுவிட்டு எழுந்த உம்மாவின் முகம் நன்றாக இல்லை.

“தம்பி, அந்த லைட்ட களப்புப் பக்கம் அடிச்சுப் பாக்கலாமா?” என்று கேட்டார்.

மாமா உம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பை நேரே தண்ணீர் விளிம்புக்கு விட்டார். முழு வெளிச்சத்தையும் போட்டார். கறுத்துக் கிடந்த களப்பின் மேல் வெள்ளையாக ஒரு பாதை விழுந்தது. ஸ்டியரிங்கை ஒடித்து ஜீப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். அலைகள் மட்டும் தெரிந்தன. பிறகு தூரத்தில் ஒரு படகு தெரிந்தது. மூவரும் கீழே குதித்தோம். அதில் வாப்பா நின்றுகொண்டிருந்தார், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியபடி.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று உம்மா மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு குதித்தேன். எத்தனை குதித்தும் வாப்பா கையை அசைக்கவில்லை, இறக்கவும் இல்லை. அப்படியே நின்றார். இஞ்சின் சத்தமும் இல்லை. படகு காற்றில் பக்கவாட்டாக இழுபட்டுக்கொண்டிருந்தது.

மாமா திடீரென்று ஏதோ முனகிக்கொண்டு பாய்ந்துபோய் விளக்குகளை அணைத்துவிட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை. மாமா வாயில் இரண்டு கைகளையும் குவித்து, “மச்சான்! நாங்கதான் மச்சான்! ஜீப்புதான்!” என்று தொண்டை கிழியக் கத்தினார். கொஞ்ச நேரம் கழித்து இஞ்சின் சத்தம் கேட்டது.

இஞ்சின் காற்றாடியில் வலை சுற்றிக்கொண்டதாம். அறுத்து எடுத்து இஞ்சினைக் கிளப்பும்போது இருட்டிவிட்டதாம். படகைக் கரையில் இழுத்துப் போட்டபடியே வாப்பா சொன்னார். பிறகு ஜீப்பைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், சிரிக்கத் தொடங்கினார். மாமாவும் சிரித்தார். உம்மா வாப்பாவின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு அழுதார்.

“லைட் நல்லா இருக்கு மச்சான். கொஞ்சம் கீழ இறக்கு. எதிர்ல வாறவனுக்கு ஒண்டும் தெரியுதில்ல” என்றார் வாப்பா.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு மன்னாருக்குப் புறப்பட்டோம். கிணறு இருந்தது, பற்றைச் செடிகளுக்குள் மறைந்து, தண்ணீரோடு இருந்தது. திரும்பும்போது யானை ஒன்றும் வரவில்லை என்பதில் மாமாவுக்கு மட்டும் வருத்தம்.

யுத்த காலத்தில் படகில் இருக்கும்போது கடற்படை ரோந்துப் படகின் வெளிச்சம் மேலே விழுந்தால் இஞ்சினை நிறுத்திவிட்டு, எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தூக்கவேண்டும். வெளிச்சம் விலகும்வரை இறக்கக்கூடாது. எங்கள் கரையில் தொழில் செய்த ஆம்பிளைகள் எல்லாருக்கும் அது கையோடு ஊறிய பழக்கம். உம்மாவுக்கும் மாமாவுக்கும் தெரியும். எனக்கு அதை யாரும் சொல்லித் தரும் வயது அப்போது ஆகவில்லை.

அன்று கரையில் நான் வாப்பாவின் ஈரச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, “நீங்க கை தூக்கினத நான் கண்டேன் வாப்பா, நானும் தூக்கினேனே, கண்டீங்களா?” என்று கேட்டேன்.

வாப்பா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“ஓம் மகள், கண்டேன். உங்களக் கண்டுதானே கையத் தூக்கினேன்” என்றார்.

நான் சந்தோஷமாக நம்பினேன். அந்த விளக்குகளுக்குப் பின்னால் இருட்டில் நின்ற யாரையும் அவரால் கண்டிருக்கவே முடியாது என்பது எனக்குத் தோன்றவில்லை.