ஒன்பது மணிக்குள் லினக்ஸ்

“…அதுல ஒண்ணும் தப்பில்ல தங்கச்சி, ஆனா நாளைக்கு அஷ்டமி, வெள்ளிக்கிழமை நவமி. ரெண்டு நாளும் அதைத் தொட வேணாம். சனிக்கிழமை காலையில, ஒம்பது மணி ராகுகாலத்துக்கு முன்னாடி வெச்சுக்கலாம்” என்றார் மாடி வீட்டு அண்ணன், கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிப்பவர் போல.

விஷயம் வேறொன்றுமில்லை. அவர் மனைவியின் பழைய லேப்டாப்பில், விண்டோஸுக்குப் பதிலாக, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸைப் போட வேண்டும். அந்த அக்காவுக்குச் சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஆன்லைனில் ஒரு தேர்வு. பேச்சைக் கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்கிற வேலை, வீட்டிலிருந்தே. பட்டம் வாங்கி, கல்யாணமாகி, பிள்ளைகளை ஆளாக்கி அனுப்பிவிட்டு, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். மாசக்கணக்காக மத்தியானமானால் மாடியில் அவர் தட்டிப் பழகும் சத்தம் எனக்குக் கேட்கும். போனில் எழுதக்கூடாது, கேமரா உள்ள கம்ப்யூட்டர் வேண்டும், பழைய விண்டோஸ் ஆகாது என்று விதி. என்னிடம் இருப்பது கேமரா இல்லாத டெஸ்க்டாப் பெட்டி. லினக்ஸ் போட்டால் அந்த லேப்டாப்பே போதும் என்று சொன்னது நான்தான்.

கம்ப்யூட்டரை நான் எங்கேயும் படித்ததில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றவள். திருவானைக்காவலில் எங்கள் தெருவில் யார் வீட்டுப் பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்த இலுப்பைப்பூ.

அண்ணனுக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழை இலை மொத்த வியாபாரம். அக்கா வேலைக்கு எழுதிப் போட்டதைப் பற்றி அதுவரை அவர் வேண்டாம் என்றும் சொன்னதில்லை, சரி என்றும் சொன்னதில்லை. அவர் முதலில் அதில் கை வைத்ததே இந்த நாள் பார்த்ததில்தான். அதனால்தான் அக்கா மறுத்துப் பேசவில்லை என்று நினைக்கிறேன். புருஷன் பார்த்துக் கொடுத்த நேரம் என்றால், அவருக்கு அது ஒரு சம்மதம்.

லினக்ஸில் ஒரு வசதி உண்டு. லேப்டாப்பில் போடுவதற்கு முன்னால் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை கிடைக்கிறதா, கேமரா தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு போடலாம். வியாழக்கிழமை சும்மா ஓட்டி மட்டும் பார்க்கிறேனே என்று கேட்டேன். ஓட்டிப் பார்ப்பதும் ஆரம்பம்தான், அஷ்டமியில் வேண்டாம் என்றார். சரி என்று சனிக்கிழமை எட்டரைக்கு மாடிக்குப் போய், இப்போதாவது முதலில் ஓட்டிப் பார்க்கலாம் என்றால், அது எப்படி ஆரம்பமாகும் என்கிறார். நல்ல நேரத்தை ஒத்திகையில் கழித்துவிட்டுத் தாலியை ராகுகாலத்தில் கட்டுவதா என்று கேட்டார். வியாழக்கிழமை ஆரம்பமாக இருந்தது சனிக்கிழமை எப்படி இல்லாமல் போனது என்று நான் வாயெடுத்தேன். அக்கா கண்ணாலேயே வேண்டாம் என்றார். மறுநாள் முகூர்த்தம், கடையில் இலைக்கட்டு பறந்துகொண்டிருக்கும். அதை ஆளிடம் விட்டுவிட்டுக் குளித்து விபூதி பூசி வந்து நிற்கிற மனுஷனிடம் என்ன வாதாடுவது?

“பந்தியில உக்காந்தாச்சு தங்கச்சி. இலையைத் திருப்பித் திருப்பிப் பாக்காம, சோத்தைப் போடச் சொல்லுங்க” என்றார்.

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே பட்டனை அமுக்கினேன்.

எல்லாம் முடிந்து லேப்டாப் மறுபடி எழுந்தபோது திரை பளிச்சென்றுதான் இருந்தது. வைஃபை குறி இருக்க வேண்டிய மூலை மட்டும் காலி. அந்த லேப்டாப்பின் வைஃபை சிப்பைச் செய்தவர்கள் அதற்கான டிரைவரைப் பொதுவில் விடாததால், லினக்ஸோடு அது சேர்ந்து வரவில்லை. டிரைவர் என்பது சிப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று பேசிக் கொடுக்கிற ஆள் மாதிரி. அந்த ஆளை இன்டர்நெட்டிலிருந்துதான் கூட்டிவர வேண்டும். இன்டர்நெட் வருவதற்கோ அந்த ஆள் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. இன்டர்நெட் ஒயரைச் சொருகுகிற துளை போன ஐப்பசி இடியிலேயே போய்விட்டிருந்தது. பழைய விண்டோஸும் அழிந்தாயிற்று. தெருவில் லேப்டாப் வைத்திருந்த இரண்டு வீட்டுக்காரர்களும் அதைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் போயிருந்தார்கள்.

போனைக் கேபிளில் சொருகி அதன் இன்டர்நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்க வழி உண்டு. ஆனால் அவர்கள் வீட்டுக் கேபிள்களும் என்னுடையதும் சத்திரம் பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் வாங்கியவை. சார்ஜ் ஏறும், வேறு எதுவும் ஏறாது. கீழே என் பெட்டியில் டிரைவரை இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டேன். அது இன்னொரு ஃபைலைக் கேட்டது. ஓடிப்போய் அதைக் கொண்டுவந்தால், அதற்கு மற்றொன்று வேண்டுமாம். சீர் பத்தாத சம்பந்தி மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது.

நல்ல கேபிள் ஒன்று கிடைத்தால் போதும் என்றேன். அப்போது ராகுகாலம். அந்த நேரத்தில் வாசல்படி தாண்டாதவர் அண்ணன். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். எங்கள் கடைவீதியில் போன் கடை எதுவும் திறக்காததால் ஸ்ரீரங்கம் வரை போய், ஷட்டர் ஏறும்வரை ஒரு கடை வாசலில் நின்று வாங்கினார் என்பது பின்னால் தெரிந்தது.

அக்கா, கேமராவில் நன்றாகத் தெரியும் என்று கட்டிக்கொண்ட இளம்பச்சைப் புடவையோடு மேஜை முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். “வந்துடும்ல?” என்று ஒரு தடவை கேட்டார். வந்துவிடும் என்றேன்.

பதினொன்றேகாலுக்கு அண்ணன் மூச்சு வாங்க வந்து கொடுத்த கேபிளைச் சொருகியதும் இன்டர்நெட் வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக வந்ததுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. தேர்வுப் பக்கம் திறந்தது. உள்ளே நுழையும் நேரம் முடிந்துவிட்டது, ஒருவருக்கு ஒரே வாய்ப்பு என்று இரண்டு வரி.

அக்கா படித்தார். “சரி, விடுங்க. உலை வைக்கணும்” என்று எழுந்து உள்ளே போனார். அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருக்கலாம். அரிசி களைகிற சத்தம்தான் கேட்டது.

அண்ணனைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. மனைவிக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தவருக்கு, செய்யத் தெரிந்தது நேரம் பார்ப்பது ஒன்றுதான். வியாழக்கிழமை பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்திருந்தால் கேபிள் வாங்க இரண்டு நாள் இருந்திருக்கும். இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது.

திரையின் அடியில் இருந்த உதவி எண்ணைக் காட்டி, போட்டுக் கொடுக்கச் சொன்னார். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது, அழுத்தினார். மார்க்கெட்டில் மூன்று கடை தாண்டிக் கேட்கிற குரலை அடக்கிக்கொண்டு, “அம்மா, வணக்கம்ங்க. அவங்க ரெடியாத்தான் இருந்தாங்க. நான்தான் நாள் பாக்கறேன்னு தள்ளிப் போட்டுட்டேன். தப்பு என்னுதுங்க. அவங்களுக்கு இன்னொரு தடவை குடுங்க” என்றார்.

மறுமுனையில், எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன என்று பதிவுசெய்த குரல் சொல்லிக்கொண்டிருந்தது. பேசுவது ஆள் இல்லை என்று சைகை காட்டினேன். தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சமையலறைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, அந்தக் குரல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியதும், அவரும் “அம்மா, வணக்கம்ங்க” என்று முதலிலிருந்து தொடங்கினார்.